சுவரில் நகர்ந்த விரல்

சரளையில் நறுக் நறுக்கென்று, பிறகு சிமெண்டில் டக், டக் என்று, வலது காலில் மட்டும் ஒரு நூல் அழுத்தம் கூடுதலாக. அப்பாவின் பூட்ஸ். குதிகாலில் லாடம் அடித்தது. பாளையங்கோட்டை மில் குடியிருப்பில் அவர் ஒருநாளும் நேராக வாசல் வழியே வந்ததில்லை. இரும்புக் கேட்டைத் தள்ளி, பக்கச் சுவரை ஒட்டியே நடந்து, பின்னால் குழாயடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டுத்தான் நுழைவார். உள்ளே, அந்தச் சுவரை ஒட்டிய அறையில், நானும் தங்கை நவமணியும். அவள் ஆள்காட்டி விரலை எடுத்துச் சுண்ணாம்புச் சுவரில் வைப்பாள். வெளியே பூட்ஸ் நகர நகர உள்ளே விரல் நகரும். ஜன்னலுக்குக் கீழே, முருங்கை மரத்துக்குப் பக்கம், அம்மிக்கல்லைத் தாண்டி. விரலுக்கு நேரே சுவரில் ஓர் ஓட்டை போட்டுப் பார்த்திருந்தால் அப்பாவின் முழங்கை தெரிந்திருக்கும், அத்தனை துல்லியம். "இன்னிக்கு அழுத்தம் ஜாஸ்தி யக்கா" என்பாள். அழுத்தம் கூடிய நாளில் நான் ரேடியோவை அணைத்துவிட்டு, அம்மாவுக்குச் சமையலறை ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிவிட்டு, இருவரும் புத்தகத்தை விரித்துக்கொள்வோம். குழாயடிக்கு முன்னால் ஆற்றுமணல் கொட்டிக் கிடக்கும். அங்கே பூட்ஸுக்குச் சத்தம் கிடையாது. விரல் நின்றுவிடும். "மண்ணுக்கு வந்துட்டாரு. இனி தெரியாது" என்று விரலை எடுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. அவர் அடிப்பது வலிக்காது என்றில்லை. ஆனால் அந்த மணல்தான், அந்தச் சத்தமில்லாத நாலைந்து எட்டுதான், எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது.

அந்த விரலை இன்று காலை இந்தத் திரையில் பார்த்தேன். விரல் இல்லை, ஒரு பச்சைப் புள்ளி. கணினியில் ஆடுகிற துப்பாக்கி ஆட்டம் ஒன்றில், துப்பாக்கி எங்கே குறி பார்க்கிறதோ அங்கே நிற்கும் புள்ளி, கிராஸ்ஹேர் என்பார்கள். கிடங்கு மாதிரி ஒரு கட்டடம், அதற்குள் ஓர் ஆட்டக்காரர், அவர் கண்ணுக்கு முன்னால் வெறும் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி ஓடுகிறான். அவனை ஆட்டக்காரரால் பார்க்க முடியாது, எங்களால் முடியும், எங்களுக்கு மட்டும் சுவருக்குள் சிவப்பு உருவமாகக் காட்டித் தருவார்கள். சிவப்பு இடமிருந்து வலமாக ஓடுகிறது. பச்சைப் புள்ளியும் இடமிருந்து வலமாகச் சுவரில் ஊர்கிறது. கதவு வந்ததும் சிவப்பு வெளியே வர, பச்சை அங்கே ஏற்கெனவே காத்திருக்க, ஒரே வெடி. ஆள் காலி. செத்தவன் புகார் கொடுத்திருக்கிறான்: சுவர் வழியாகப் பார்க்கிறான், வால்ஹேக், திருடன், தடை செய்யுங்கள். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் என் வேலை. பெருங்குடியில், சதுப்புநிலம் தெரியும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், எனக்குப் பிள்ளை வயதுக்காரர்கள் நடுவே, ஐம்பத்தெட்டு வயதில் நான், எஸ்தர் எபனேசர், தமிழ் எம்.ஏ., முப்பது வருஷம் ஒரு வார இதழில் மெய்ப்புப் பார்த்தவள், இன்று யார் ஒழுங்காகச் சுடுகிறார்கள் யார் திருட்டுத்தனமாகச் சுடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். இதழ் நின்றது. முதலில் இந்த ஆட்டக் கம்பெனி என்னை எடுத்தது கெட்ட வார்த்தைகளுக்கு. ஆடும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் தமிழில் திட்டித் தட்டச்சு செய்வார்கள். எது வசை, எது செல்லம் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் கொஞ்சலாகச் சொல்வது சென்னையில் வெட்டுக்குத்தில் முடியும் என்று நான் விளக்கி எழுதுவேன். சங்கத்தமிழ் படித்த படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது. ஒன்றரை வருஷம் நான் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததை எல்லாம் இயந்திரம் கற்றுக்கொண்டது. பிறகு வசைக்கு நான் தேவைப்படவில்லை. அதனால் திருட்டுக்கு மாற்றினார்கள்.

ஏசி காற்று கழுத்தில் நேராக விழுகிறது. சால்வையை இழுத்துக்கொள்கிறேன். இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். இந்தக் காட்சிகளுக்கு ஒலி கிடையாது, அசைவு மட்டும். எங்கள் காதில் ஹெட்போன் இருக்கும், ஆளாளுக்குப் பாட்டுக் கேட்பார்கள். சேர்ந்த புதிதில் நான் லோகேஷைக் கேட்டிருக்கிறேன். லோகேஷ் எங்கள் டீம் லீட், முப்பது வயது, நல்ல பையன், எல்லோரையும் பிறந்தநாளன்று மறக்காமல் வாழ்த்துவான். "ஆடுறவங்களுக்குக் காலடிச் சத்தம் கேக்கும்ல தம்பி? நமக்கு ஏன் அது இல்ல?" என்றேன். "சத்தம் வெச்சா ஒரு கேஸுக்கு ரொம்ப நேரம் ஆகும் மேடம். கண்ணுல பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றான். கண்ணில் பார்த்தாலே. எனக்கும் தெரிகிறது, கண்ணில் பார்த்தாலே. பச்சை சிவப்பைத் தொடர்கிறது. ஆனால் ஒரு சிறு தாமதம், சிவப்பு நகர்ந்தபிறகு பச்சை நகர்கிறது, சிவப்பு நின்றபிறகு பச்சை ஒரு விரற்கடை தாண்டி நிற்கிறது, திரும்பி வருகிறது. கண்ணால் பார்ப்பவர்களுக்கு அந்தத் தாண்டல் வராது. காலடி விழுந்து, அது காதுக்கு வந்து, பிறகு விரலுக்கு வர ஆகிற தாமதம் அது. எனக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன். இந்தக் கேஸின் தலையில் சிவப்பாக ஒரு பட்டை வேறு. போட்டிக்குத் தேர்வான ஆட்டக்காரர், மாநில இறுதிச்சுற்று, முடிவு உணவு இடைவேளைக்குள் தேவை. திருட்டு என்று தீர்ந்தால் ஆயுள் தடை. அந்தப் பெயரில் மட்டுமில்லை, அந்தக் கணினியிலிருந்தே இனி உள்ளே வரமுடியாது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிற காட்சி வருகிறது. யார் என்று முகம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் என்றே சொல்கிறோம். அவன் திருடன், அவனைத் தூக்கு.

மூன்று பேர் பார்ப்போம் ஒரு கேஸை. யார் அந்த மூன்று பேர் என்று தெரியாது, பேசிக்கொள்ளவும் கூடாது. இரண்டு பேர் எந்தப் பக்கமோ அதுதான் தீர்ப்பு. அதுவரை சரி. ஆனால் மூன்றாவது ஆள், ஒத்துப்போகாதவர், அவருக்கு மதிப்பெண் குறையும். ஒப்புமை மதிப்பெண் என்று அதற்குப் பெயர். தீர்ப்பு சரியா என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வழியில்லை. மற்ற இருவரோடு ஒத்துப்போனாயா என்பதுதான் கணக்கு. அதனால் இங்கே யாரும் ஆட்டக்காரரைப் பார்ப்பதில்லை. மற்ற இருவரும் என்ன நினைப்பார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். அவர்களும் அதையே பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துகொள்கிறோம், பேருந்து திரும்பும்போது சாய்வதுபோல. என் மதிப்பெண் விளிம்பில் நிற்கிறது. காலையில் லோகேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், தேநீர் கோப்பையோடு. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எல்லாரையும் நல்லவங்கன்னு நெனைக்கிறீங்க. உங்க மனசு அப்படி. ஆனா இன்னும் ஒண்ணு ஒத்துப்போகலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சிஸ்டமே லிஸ்ட்ல போட்டுடும்" என்றான். என் மனசு. தம்பி, நான் யாரையும் நல்லவர் என்று நினைத்ததில்லை. உன்னைக்கூட. என்று சொல்லவில்லை, "சரிப்பா, பாத்துக்கறேன்" என்றேன். லிஸ்டில் போட்டால் அடுத்து வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்கிற வயதும் இல்லை எனக்கு, போய் உட்கார ஒரு வீடும் இல்லை. மேடவாக்கத்தில் ஒற்றை அறை. மேல்மாடிக்காரர் நடப்பது எனக்குக் கேட்கும். குதிகாலை ஊன்றாதவர். சாந்தமான மனுஷர்.

பச்சைப் புள்ளி. இன்னொரு முறை. அடுத்த இருக்கை ஃபர்ஹானா ஹெட்போனைக் கழற்றி, கடலைமிட்டாயை உடைத்து என் பக்கம் பாதியை நீட்டுகிறாள். இருபத்துநாலு வயது, தானும் ஆடுகிறவள், என்னை ஆன்ட்டி என்பாள். "என்ன ஆன்ட்டி, ஒரே க்ளிப்பையே ஓட்டிட்டு இருக்கீங்க. மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதப் போறீங்களா?" "இல்ல கண்ணு, கண்ணாடி சரியில்ல." "எனக்கு இப்ப ஒண்ணு வந்துச்சு பாருங்க, சிரிப்பு தாங்கல. கிடங்குக்குள்ள நிக்கிறான். சுவத்துல கோலம் போடுற மாதிரி கிராஸ்ஹேரை இழுத்துட்டே போறான். அப்பட்டமா வால்ஹேக். கூச்சமே இல்ல." கடலைமிட்டாய் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே கிடங்கு. அவள் மூவரில் ஒருத்தி. "காதுல கேட்டிருக்கலாமே" என்கிறேன், திரையை மெல்லச் சுருக்கிவிட்டு. "காதா? ஆன்ட்டி, நானும்தான் ஆடுறேன். அங்க வரான்னு தெரியும், அவ்ளோதான். இத்தன துல்லியமா யாருக்கும் கேக்காது." "சில சமயம் குறி தப்பான எடத்துல நிக்கும்ல?" "அதான் நடிப்பு. இப்பல்லாம் கள்ளனுங்க உஷார். நடுவுல நடுவுல தெரியாத மாதிரி ஒரு ஆக்ட் கொடுப்பானுங்க. நல்லா ஆடினா ஹேக், சுமாரா ஆடினா ஹேக்கை மறைக்கிறான்." சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். "அப்ப எப்படி ஆடினா யோக்கியன்?" "தோத்தா" என்கிறாள். "தோத்தவனை யாரும் ரிப்போர்ட் பண்ண மாட்டான் ஆன்ட்டி." ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். தோற்றால். தோற்றால்தான் யோக்கியர். இத்தனை துல்லியமாக யாருக்கும் கேட்காது. எல்லாருக்கும் காது கேக்கு. யார் சொன்னது அது? எல்லாருக்கும்தாம் காது கேக்கு ஏட்டி. தூத்துக்குடி மாமா. நவமணியின் மாமனார். வேட்டியை மடியில் சுருட்டிக்கொண்டு, மரநாற்காலியில்.

வேண்டாம் என்றாலும் அந்தக் கூடத்துக்குத்தான் போகிறது மனது. நவமணியைக் கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில், உப்புக் கம்பெனிக் கணக்கர் ஜெபராஜுக்கு. மாமனார், மாமியார், மைத்துனர்கள் என்று பெரிய வீடு. அவள் போன முதல் மாசமே மாமியார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்: கதவைத் தட்டும் முன்னால் திறக்கிறாள், யார் வருகிறார்கள் என்று தெரிந்து அதற்கேற்ற தட்டை எடுத்து வைக்கிறாள், என்ன கூர்மை இந்தப் பெண்ணுக்கு. இரண்டாம் வருஷம் ஒரு சாயங்காலம் புருஷனிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள், "ஒங்க கூட வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாங்களே, கொலுசு போட்டவங்க, அவங்க யாரு? ரெண்டு மூணு நாளா வாராங்களே" என்று. சந்தேகமாகக்கூட இல்லை. கேட்டதைச் சொன்னாள். அவ்வளவுதான். வாசலுக்கும் அவள் நின்ற அடுக்களைக்கும் நடுவே மூன்று சுவர். இரு வீட்டுப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்தார்கள். அப்பாவும் போயிருந்தார், நானும் கூடப் போனேன். யார் அந்தக் கொலுசு என்று ஒருவரும் ஜெபராஜைக் கேட்கவில்லை. அது கேள்வியே இல்லை. கேள்வி இதுதான்: பார்க்காமல் எப்படித் தெரியும்? "அடுக்களைல நின்னுக்கிட்டு வாசல்ல நடக்கறது எப்பிடித் தாயி தெரியும்? எவனோ பாத்துச் சொல்லுதான். அந்த எவன் யாருன்னு சொல்லிரு" என்றார் மாமனார், நயமாகத்தான், குரலை உயர்த்தாமல். அவள் கொலுசைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததே குற்றம். தப்பாகச் சொல்லியிருந்தால் கிறுக்கி என்று விட்டிருப்பார்கள். நான் எழுந்து சொன்னேன், "அவளுக்குச் சத்தம் கேக்கும் மாமா. சின்னதுலருந்தே அப்பிடித்தான்." அப்போதுதான் அவர் சொன்னார், "எல்லாருக்கும்தாம் காது கேக்கு ஏட்டி. படிச்ச பிள்ள, நீ உள்ள போ." யாரோ சிரித்தார்கள். நவமணி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, தரையை இல்லை. அப்பாவின் பூட்ஸை. சபை கூடுகிறது என்று மெருகு போட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்தக் காது எங்கே பழகியது, எதற்குப் பழகியது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அவள் கையை நீட்டிக் காட்டியிருப்பாள். யாருக்கும் அது தோன்றவில்லை. அப்பாவும் தலையை ஆட்டினார், நியாயம் கேட்கிற மனிதராக. "சொல்லிரு மக்கா, யாரு அவன்" என்றார். வலது காலை லேசாகத் தரையில் தட்டிக்கொண்டு.

திரையில் காட்சி முடிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. இரண்டு பொத்தான். திருட்டு உண்டு, திருட்டு இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கேன்டீன் பக்கம் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. தோற்றவனை யாரும் ரிப்போர்ட் பண்ண மாட்டான். ஃபர்ஹானா, நீ எத்தனை சரியாகச் சொன்னாய் என்று உனக்கே தெரியாது. எங்களுக்கு வருவதெல்லாம் கொன்ற இடங்கள். கொல்லப்பட்டவன் புகார் கொடுப்பான், அந்தத் துண்டை வெட்டி அனுப்புவார்கள். இந்த ஆள் செத்த இடங்களை யார் புகார் கொடுப்பார்கள்? அவை எங்களிடம் வருவதே இல்லை. முழு ஆட்டத்தையும் இறக்கிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, தடையில்லை, ஆனால் நேரமாகும், யாரும் செய்வதில்லை, நானும் இரண்டு முறைதான் செய்திருக்கிறேன். இறக்குகிறேன். நீல வளையம் சுற்றுகிறது. லோகேஷ் அந்தப் பக்கம் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் பெட்டியைக் கொண்டுபோகிறான். சுற்றட்டும். நான் எதைத் தேடுகிறேன். ஒரு மணல். குழாயடிக்கு முன்னால் கொட்டிக் கிடந்த மணல் மாதிரி ஓர் இடம், சத்தம் இல்லாத ஓர் இடம். இந்த ஆட்டத்தில் அதற்கும் வழி உண்டு: குனிந்து ஊர்ந்து போனால் காலடி கேட்காது. மெதுவாகப் போகவேண்டும் என்பதால் பொறுமை உள்ளவர்கள் மட்டும் ஊர்வார்கள். சுவர் வழியாகப் பார்க்கிறவனுக்கு ஊர்கிறவனும் ஓடுகிறவனும் ஒன்று. காதால் பார்க்கிறவனுக்கு.

வந்துவிட்டது. ஓட்டுகிறேன். கொன்ற இடங்களைத் தாண்டித் தாண்டிப் போகிறேன். முதல் சாவு. எதிரி ஓடிவருகிறான், சுவருக்குப் பின்னால் சிவப்பு, பச்சைப் புள்ளி அவனோடு ஊர்கிறது. எதிரி நிற்கிறான், குனிகிறான், ஊர்கிறான். பச்சை நிற்கிறது. சிவப்பு ஊர்ந்து இடது பக்கக் கதவுக்குப் போய்விட்டது. பச்சை இன்னும் அந்த வெற்றுச் சுவரிலேயே, அவன் சத்தம் கடைசியாகக் கேட்ட இடத்தில், நின்றுகொண்டிருக்கிறது. இடது கதவிலிருந்து வெடி. செத்தாயிற்று. அடுத்த சாவு, அதே கதை. அடுத்ததும். சத்தம் போட்டு வந்தவர்கள் எல்லாம் இந்த ஆளிடம் செத்திருக்கிறார்கள், சத்தமில்லாமல் வந்தவர்கள் எல்லாம் இந்த ஆளைக் கொன்றிருக்கிறார்கள். நடிப்பா? செத்துச் செத்தா நடிப்பார்கள்? ஃபர்ஹானா ஆமென்பாள். அதோடு இன்னொன்று. சத்தம் நின்றதும் பச்சைப் புள்ளி சும்மா நிற்கவில்லை. இரண்டு முறை நடுங்குகிறது. பிறகு சுவரை விட்டுச் சட்டென்று பின்வாங்குகிறது. ஆள் மூலைக்குப் போய், முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு, இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்க்கிறது. திருடன் அப்படிச் செய்யமாட்டான். திருடனுக்குப் பயம் கிடையாது, எதிரி எங்கே என்று அவனுக்குத்தான் தெரியுமே. இது பயம். இது விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வது. மண்ணுக்கு வந்துட்டாரு யக்கா. இனி தெரியாது. அவன் என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்த என் நாக்கு இப்போது அவள் என்கிறது. தெரியாது, அவனோ அவளோ. ஆனால் எந்த வீட்டில் யாருடைய காலடிக்குக் காதைத் தீட்டி வைத்த பிள்ளை இது. எந்தச் சுவரில் பழகியது.

இரண்டு பொத்தான். ஃபர்ஹானா உண்டு என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது ஆள் யாரென்று தெரியாது. கொன்ற துண்டுகளை மட்டும் பார்த்திருப்பார், பாட்டுக் கேட்டுக்கொண்டே. நான் உண்டு என்றால் என் மதிப்பெண் பிழைக்கும், லோகேஷ் மறுபடி நாற்காலி போட்டு உட்காரமாட்டான், எங்கோ ஓர் அறையில் ஒரு பிள்ளை ஹெட்போனைக் கழற்றி வைக்கும். நான் இல்லை என்றால் அந்த மூன்றாம் ஆளும் இல்லை என்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் சொன்னதும் சொல்லாததும் ஒன்று, என் தலை மட்டும் உருளும். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பிள்ளைக்கு மேல்முறையீடு என்று ஒன்று உண்டு, நானே அந்த மனுக்களைப் படித்திருக்கிறேன். "நான் எதுவும் செய்யவில்லை, நான் எதுவும் செய்யவில்லை." எல்லாமே இந்த ஒரு வரிதான். செய்யாதவர்களும் அதையே எழுதுகிறார்கள், செய்தவர்களும் அதையே. எனக்குக் கேட்டது என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. எழுதினாலும் என்ன ஆகும். எல்லாருக்கும்தாம் கேக்கு. நவமணி பிறகு ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள், அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருஷம், "யக்கா, வீட்டுல இப்பச் சத்தமே இல்ல. தூக்கம் வரமாட்டேங்கு" என்று. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதாவது மாத்திரையின் பெயர் சொல்லியிருப்பேன். அந்த பூட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இல்லை என்பதில் விரலை வைக்கிறேன். காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது. மற்றவர்கள் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். நான் எழுதுகிறேன்: முழு ஆட்டத்தையும் பார்த்தேன். எதிரி ஓடும்போது மட்டும் தொடர்கிறார். ஊர்ந்து வந்த எதிரியை ஒருமுறைகூடத் தொடரவில்லை, அவர்கள் கையில் செத்திருக்கிறார். இவருக்குச் சுவருக்குப் பின்னால் தெரியவில்லை, கேட்கிறது. தயவுசெய்து அவர் செத்த இடங்களைப் பாருங்கள். கடைசி வரியை அழித்தேன், பிறகு மறுபடி எழுதினேன். மெய்ப்புப் பார்த்த பழக்கம், ஒற்று விட்டுப் போயிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினேன். அனுப்பியதும் பசித்தது. அது எனக்கே வெட்கமாக இருந்தது. கேன்டீனில் புளியோதரையும் அப்பளமும். ஃபர்ஹானா தன் அப்பளத்தை என் தட்டில் வைத்து, "கண்ணாடியை மாத்துங்க ஆன்ட்டி, டி நகர்ல எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு" என்றாள். நல்ல பெண். இந்த அறையில் எல்லோரும் நல்லவர்கள். அந்தத் தூத்துக்குடிக் கூடத்திலும் எல்லோரும் நல்லவர்கள்தான், உட்காரும் முன் ஜெபம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

திரும்பி வந்தபோது கேஸ் மூடியிருந்தது. திருட்டு உண்டு, இரண்டுக்கு ஒன்று, ஆயுள் தடை, இறுதிச்சுற்றுப் பட்டியலிலிருந்து நீக்கம். நான் எழுதிய காரணம் யாராலும் திறக்கப்படவில்லை என்று பக்கத்தில் சாம்பல் எழுத்தில் இருந்தது. என் மதிப்பெண் ஒரு படி இறங்கி வேறு நிறத்துக்கு வந்திருந்தது. லோகேஷ் தொலைவிலிருந்து என்னைப் பார்த்தான், பார்க்காததுபோல் திரும்பினான், பிறகு எழுந்து வரத் தொடங்கினான். ரப்பர் அடிச் செருப்பு, கம்பளம் விரித்த தரை. அவன் வருவது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றபிறகுதான் தெரிந்தது. "மேடம், ஒரு நிமிஷம் மீட்டிங் ரூமுக்கு வரீங்களா" என்றான். எழுந்து சால்வையை மடித்தேன். அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை. நவமணிக்கு என்ன ஆயிற்று என்பது தெரியும். அன்றைக்கே அவளை அப்பாவோடு அனுப்பிவைத்தார்கள், தூத்துக்குடியிலிருந்து பிறகு யாரும் வந்து அழைக்கவில்லை. அதே வீட்டில், அந்தச் சுவரை ஒட்டிய அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தாள். அப்பா விழுந்தபின் அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். அவர் போன மறுவருஷம், மழைக்காலத்தில், அவளும் இறந்துபோனாள்.